கிழக்காசிய வரலாற்றைப் பள்ளி ஆசிரியர்கள் கற்றல்: அமெரிக்கப் பயிலரங்குகளும் மூலச்சான்று வாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தாம் மொழியறியாத நாடுகளின் வரலாற்றை வகுப்பறையில் கற்பிக்க வேண்டிய ஆசிரியர் முதலில் எதைக் கற்க வேண்டும் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளி ஆசிரியர்களுக்காக நடத்தப்பெறும் கிழக்காசியப் பயிலரங்குகள் ஆய்வுக்களமாகக் கொள்ளப்பட்டுள்ளன. வகுப்பறைகளில் பயன்படத்தக்க மூன்று சான்றுகள், அதாவது 1793-ஆம் ஆண்டின் சீனப் பேரரசர் கடிதம், ஜப்பானைக் குறிக்கும் ‘பூட்டிய நாடு’ என்னும் சொல், 1409-ஆம் ஆண்டுக் காலி மும்மொழிக் கல்வெட்டு ஆகியவை எடுத்துக்காட்டுகளாக விளக்கப்படுகின்றன. செய்திகளின் பெருக்கத்தைவிட, அச்செய்திகள் எவ்வழியாக, எவர் கைபட்டு வந்தன என்னும் அறிவே ஆசிரியருக்கு அடிப்படையானது என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்

கிழக்காசியா, ஆசிரியர் கல்வி, மூலச்சான்று, மொழிபெயர்ப்பு, பாடநூல், மும்மொழிக் கல்வெட்டு.

முன்னுரை

ஒரு நாட்டைப் பற்றிய முதல் எண்ணம் பெரும்பாலும் பள்ளி வகுப்பறையில் உருவாகிறது. பின்னாளில் பல்கலைக்கழகம் சென்று அந்நாட்டைத் தனிப்பாடமாகக் கற்போர் மிகச் சிலரே. ஏனையோருக்கு ஆசிரியர் சில வகுப்புகளில் சொல்லியதே வாழ்நாள் முழுவதற்குமான அறிவாக நின்றுவிடுகிறது. எனவே ஆசிரியரின் அரைகுறை அறிவு அவரோடு முடிந்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் அவரிடம் பயிலும் மாணவர் அனைவரிடமும் அது தொடர்கிறது.

அமெரிக்கப் பள்ளிகளில் உலக வரலாறு கற்பிக்கும் ஆசிரியருள் பெரும்பாலானோர் அமெரிக்க, ஐரோப்பிய வரலாறுகளிலேயே பயிற்சி பெற்றவர்கள். சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளை அறிந்தவர்கள் அவர்களுள் அரியர். ஆயினும் கன்பூசியசு முதல் இரண்டாம் உலகப்போர் வரையிலான செய்திகளை அவர்களே கற்பிக்க வேண்டியுள்ளது. இவ்விடைவெளியை நிரப்ப எழுந்த பயிற்சி முயற்சிகளின் வரலாற்றையும், அவற்றின் உள்ளீட்டையும், எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. பல்கலைக்கழகத்திலிருந்து பள்ளிக்கு

அமெரிக்காவில் கிழக்காசிய ஆய்வுக்கான அறிஞர் அமைப்பு 1941-இல் தூரக்கிழக்குக் கழகம் என்னும் பெயரில் தோன்றியது. 1956-இல் அது ஆசிய ஆய்வுக் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ‘தூரக்கிழக்கு’ என்பது ஐரோப்பாவில் நின்று நோக்குவோரின் திசைச்சொல். எங்கிருந்து தூரம், எதற்குக் கிழக்கு என்னும் வினாக்களுக்கு அச்சொல்லே விடை சொல்லிவிடுகிறது. அப்பெயர் மாற்றம் வெறும் அலுவல் நடவடிக்கை அன்று. நோக்குநிலை மாற்றத்தின் அடையாளமாகவும் அதனைக் கொள்ளலாம்.

சோவியத் ஒன்றியம் 1957-இல் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதைத் தொடர்ந்து, 1958-இல் அமெரிக்க அரசு தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின் வழியே ஐரோப்பா அல்லாத நாடுகளின் மொழிகளுக்கும் வட்டார ஆய்வுகளுக்கும் பல்கலைக்கழகங்களில் நிதி கிடைத்தது. அரசின் பாதுகாப்புக் கவலையிலிருந்து பிறந்த இக்கல்வி முதலில் பல்கலைக்கழக அளவிலேயே நின்றது.

இதே காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தியோடர் டி பாரியின் தலைமையில் ஆசிய மரபுகளின் மூலநூற்பகுதிகள் ஆங்கிலத்தில் தொகுக்கப்பட்டன. ஜப்பானிய மரபு, இந்திய மரபு ஆகியவற்றுக்கான தொகுதிகள் 1958-இலும் சீன மரபுக்கான தொகுதி 1960-இலும் வெளிவந்தன. ஆசிய மொழிகளை அறியாதவரும் ஆசியச் சிந்தனையாளரின் சொற்களை, மொழிபெயர்ப்பு வழியாகவேனும், நேரே வாசிக்க வேண்டும் என்பது இத்தொகுதிகளின் கொள்கை. பிற்காலத்து ஆசிரியர் பயிலரங்குகளிலும் இக்கொள்கையின் தொடர்ச்சியைக் காணலாம்.

பள்ளி ஆசிரியரை நோக்கிய அமைப்புசார்ந்த முயற்சிகள் 1990-களில் வலுப்பெற்றன. ஆசிய ஆய்வுக் கழகம் 1996-இல் ஆசிரியர்களுக்கெனத் தனி இதழொன்றைத் தொடங்கியது. 1998-இல் ஆசியா பற்றிக் கற்பிப்பதற்கான தேசியக் கூட்டமைப்பு உருவானது. கொலம்பியா, இந்தியானா, கொலராடோ, வாஷிங்டன் முதலிய பல்கலைக்கழகங்களும் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஐந்து கல்லூரிகளின் கூட்டு மையமும் இதில் இணைந்து பணியாற்றின. ஃப்ரீமன் அறக்கட்டளை இதற்கு நிதி வழங்கியது. 2002-இல் உயர்நிலைப்பள்ளி மாணவருக்கான மேம்பட்ட உலக வரலாற்றுத் தேர்வு முதன்முறையாக நடத்தப்பட்டது. ஆசிய வரலாற்றை விரிவாகக் கற்பிக்க வேண்டிய தேவையை அத்தேர்வு மேலும் மிகுவித்தது.

2. பயிலரங்கின் அமைப்பும் அடிப்படைக் கருத்தும்

இக்கூட்டமைப்பின் அடிப்படைப் பயிலரங்கு 30 மணி நேர அளவினது. பணியிலுள்ள ஆசிரியர்கள் பள்ளி நேரம் போக மாலைகளிலோ, வார இறுதியிலோ, கோடை விடுமுறையிலோ இதில் பங்கேற்கின்றனர். சீனா, ஜப்பான், கொரியா ஆகிய மூன்று நாடுகளின் நிலவியல், வரலாறு, சமயம், இலக்கியம், கலை ஆகியன துறை வல்லுநரால் அறிமுகம் செய்யப்படுகின்றன. கற்றதைக் கொண்டு தம் வகுப்புக்குரிய பாடத்திட்டங்களை ஆசிரியர்கள் உருவாக்குகின்றனர். பயிலரங்கை முடித்தவர்களுக்குக் கிழக்காசிய நாடுகளுக்கான கல்விப் பயண வாய்ப்புகளும் உண்டு.

இவ்வமைப்பில் இரண்டு கல்வியியல் கருத்துகள் பொருந்தி வருகின்றன. முதலாவது, லீ ஷுல்மன் 1986-இல் முன்வைத்த கருத்து. பொருளறிவும் கற்பிக்கும் முறையறிவும் தனித்தனியே இருந்தால் போதா. குறிப்பிட்டதொரு பொருளை மாணவர் எவ்வாறு பிழைபடப் புரிந்துகொள்வர், அதனை எந்த எடுத்துக்காட்டால் தெளிவிக்கலாம் என்னும் மூன்றாவது அறிவு ஆசிரியருக்கே உரியது என்பது அவர் கருத்து. இரண்டாவது, சாம் வைன்பர்க் 1991-இல் வெளியிட்ட ஆய்வு. வரலாற்று ஆவணங்களை வரலாற்றறிஞர்களும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களும் வாசிக்கும் முறையை அவர் ஒப்பிட்டார். அறிஞர்கள் ஆவணத்தை எழுதியவர் யார், எப்பொழுது, எதற்காக என்பதை முதலில் நோக்கினர். பிற ஆவணங்களோடு ஒத்துப்பார்த்தனர். மாணவர்களோ ஆவணத்தைப் பாடநூற் பகுதியைப்போல் செய்திக்காக மட்டுமே வாசித்தனர்.

கிழக்காசியாவைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விரு நிலைகளுக்கும் இடையில் நிற்கிறார். தம் நாட்டு வரலாற்றில் அறிஞரைப் போல் வாசிக்கத் தெரிந்தவரும், சீன ஆவணத்தின் மொழிபெயர்ப்பு கையில் கிடைக்கும்போது மாணவராகிவிடக்கூடும். அந்த ஆவணத்தின் பின்புலத்தை அவர் அறியாமையே அதற்குக் காரணம். பின்வரும் எடுத்துக்காட்டுகள் இதனைத் தெளிவாக்கும்.

3. முதல் எடுத்துக்காட்டு: 1793-ஆம் ஆண்டுக் கடிதம்

பிரித்தானிய மன்னர் மூன்றாம் ஜார்ஜின் தூதராக மெக்கார்ட்னி 1793-இல் சீனப் பேரரசர் சியென்லுங்கைச் சந்தித்தார். பெய்ஜிங்கில் நிலையான தூதரகம், புதிய துறைமுகங்களில் வணிக உரிமை, தங்குவதற்கு ஒரு சிறு தீவு ஆகியவை தூதுக்குழுவின் வேண்டுகோள்களுள் அடங்கும். பேரரசர் அவற்றை ஏற்கவில்லை. அவர் மன்னர் ஜார்ஜுக்கு விடுத்த மறுமொழியில், தம் நாட்டில் எல்லாப் பொருள்களும் நிறைந்துள்ளன என்றும் அயல்நாட்டுக் கைவினைப் பொருள்கள் தமக்குத் தேவையில்லை என்றும் பொருள்படும் பகுதிகள் உள்ளன.

உலக வரலாற்று வகுப்புகளில் இக்கடிதம் பெரிதும் பயன்படும் மூலச்சான்றுகளுள் ஒன்று. வழக்கமான பாடம் இவ்வாறு அமையும்: சீனா தன்னிறைவுச் செருக்கில் மூழ்கியிருந்தது, உலகில் நேர்ந்த தொழில் மாற்றத்தை அறியவில்லை, ஆகவே அபினிப் போரில் தோற்றது. ஒரு பக்க ஆவணம், ஒரு தெளிவான நீதி, அடுத்த பாடத்துக்கு எளிய இணைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைப்பதால் ஆசிரியருக்கு இது வசதியாக அமைகிறது.

இக்கடிதத்தின் பயன்பாட்டு வரலாறு வேறொரு செய்தியைத் தருகிறது. ஹென்ரியெட்டா ஹாரிசன் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இக்கடிதம் பரவலாக அறியப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். பேக்ஹவுஸ், பிளாண்ட் ஆகியோர் 1914-இல் வெளியிட்ட நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பே அதனைப் புகழ்பெறச் செய்தது. சிங் அரசகுலம் 1911-ஆம் ஆண்டுப் புரட்சியால் வீழ்ந்த பிறகு, அதன் தோல்விக்கு விளக்கம் தேடிய காலம் அது. தூதுக்குழு தொடர்பான அரண்மனை ஆவணங்களை 1920-களில் பதிப்பித்த சீன அறிஞர்களும் சடங்கு, மரியாதை ஆகியன பற்றிய ஆவணங்களுக்கே முதன்மை தந்தனர். பதிப்பிக்கப்படாது நின்ற ஆவணங்களிலோ பிரித்தானியர் படைவலியால் தொல்லை தரக்கூடும் என்னும் கவலையும், கடற்கரைக் காவலை வலுப்படுத்தும் ஆணைகளும் காணப்படுகின்றன. பேரரசர் அறியாமையால் மறுத்தார் என்பதைவிட, இடர் உணர்ந்து மறுத்தார் என்னும் விளக்கத்துக்கே இவை இடமளிக்கின்றன.

இவற்றை அறிந்த ஆசிரியர் கடிதத்தைப் பாடத்திலிருந்து நீக்க வேண்டியதில்லை. அதே கடிதத்தைக் கொண்டே வேறு வினாக்களை எழுப்பலாம். கடிதம் யாருக்காக எழுதப்பட்டது? அயல்நாட்டு மன்னருக்கு அனுப்பும் அரசாணையின் நடை எத்தகையது? அதே நாள்களில் பேரரசர் தம் அலுவலர்க்கு என்ன எழுதினார்? 1914-இல் ஆங்கில வாசகர் இக்கடிதத்தில் எதைக் கண்டனர்? முதல் வகுப்பில் கடிதத்தை மட்டும் வாசித்து மாணவர் தம் முடிவை எழுதலாம்; அடுத்த வகுப்பில் கடற்கரைக் காவல் பற்றிய செய்திகளை அறிந்து அம்முடிவை மீளாய்வு செய்யலாம். ‘செருக்குற்ற பேரரசர்’ என்னும் முடிவை நீக்கி ‘தொலைநோக்குடைய பேரரசர்’ என்னும் முடிவை வைப்பது இப்பாடத்தின் நோக்கமாகாது. ஓர் ஆவணத்தைக் கொண்டு ஒரு நாகரிகத்தின் இயல்பை வரையறுத்தல் கூடாது என்பதே மாணவர் உணர வேண்டியது.

4. இரண்டாம் எடுத்துக்காட்டு: ‘பூட்டிய நாடு’

டோக்குகாவா ஆட்சிக்கால ஜப்பானைக் குறிக்கச் ‘சகோக்கு’ என்னும் சொல் வழங்குகிறது. ‘பூட்டிய நாடு’ என்பது அதன் பொருள். 1630-களின் ஆணைகளால் ஜப்பான் தன் கதவுகளை மூடிக்கொண்டது. 1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரி வந்து அவற்றைத் திறந்தார் என்பது பாடநூல்களில் பழகிய கூற்று. அமெரிக்க வகுப்பறையில் இக்கூற்றுக்குத் தனி ஈர்ப்பு உண்டு. கதவைத் திறந்தவர் தம் நாட்டவர் என்பதால், கதையின் வினைமுதல் அமெரிக்கராகவே அமைகிறார்.

இச்சொல் அந்த ஆணைகளில் இடம்பெறவில்லை. 1690 முதல் 1692 வரை நாகசாகியில் தங்கிய செருமானிய மருத்துவர் கெம்ப்ஃபர் ஜப்பானைப் பற்றி எழுதியவற்றின் ஒரு பகுதியை, நாகசாகி அறிஞர் ஷிசுகி தடாவோ 1801-இல் டச்சு மொழியிலிருந்து ஜப்பானிய மொழிக்குப் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பின் தலைப்புக்காக அவர் ஆக்கிய சொல்லே சகோக்கு. ஓர் ஐரோப்பியர் கண்ட ஜப்பானைப் பற்றிய கருத்து ஜப்பானிய மொழிக்குப் பெயர்ந்து, பின் ஜப்பானின் தன்வரலாற்றுச் சொல்லாகி, மீண்டும் மேலைநாட்டுப் பாடநூல்களில் ஜப்பானியரே தமக்கிட்ட பெயர்போல் நுழைந்தது.

உண்மையில் அக்கால ஜப்பானுக்கு நான்கு வாயில்கள் இருந்தன என்பதை இன்றைய வரலாற்றறிஞர் எடுத்துக்காட்டுவர். நாகசாகி வழியே டச்சு, சீன வணிகம் நடைபெற்றது. சுஷிமா வழியே கொரியாவோடு உறவு நிலவியது. கொரிய அரசின் தூதுக்குழுக்கள் 1607-க்கும் 1811-க்கும் இடையில் பன்னிரு முறை ஜப்பானுக்கு வந்தன. சட்சுமா வழியே ரியூக்கியூ தீவுகளோடும், மட்சுமாயே வழியே வடக்கின் ஐனு மக்களோடும் தொடர்பு இருந்தது. மூடப்பட்டது பெரும்பாலும் ஐரோப்பியக் கத்தோலிக்க நாடுகளின் வழியே. எஞ்சிய வழிகள் அரசின் கட்டுப்பாட்டில் இயங்கின.

இது ஜப்பானுக்கு உள்ளேயும் சிக்கலான செய்தியே. 2017-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் பள்ளிப் பாடத்திட்ட வரைவில் சகோக்கு என்னும் சொல்லைத் தவிர்த்தது. மக்கள் கருத்துக் கேட்புக்குப் பின் இறுதி வடிவில் அச்சொல் மீண்டும் இடம்பெற்றது. ஒரு கலைச்சொல்லின் பிறப்பை அறிதல் மொழியாராய்ச்சியாளருக்கு மட்டுமே உரியது எனத் தோன்றலாம். ஆனால் அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியருக்கும் அவ்வறிவு தேவை என்பதை இது உணர்த்துகிறது.

5. பாடநூல்களும் அவற்றின் அரசியலும்

அவ்வாறாயின், கிழக்காசிய நாடுகளின் பாடநூல்களையே மொழிபெயர்த்துக் கற்பித்தால் போதாதா என்னும் வினா எழுகிறது. அந்நாடுகளிலும் பாடநூல் என்பது போராட்டக் களமாகவே உள்ளது. ஜப்பானிய வரலாற்றறிஞர் இயெனாகா சபுரோ, அரசின் பாடநூல் தணிக்கையை எதிர்த்து 1965-இல் வழக்குத் தொடுத்தார். மூன்று வழக்குகளாக விரிந்த அச்சட்டப் போராட்டம் 1997 வரை நீடித்தது. தணிக்கை முறை அரசியலமைப்புக்கு முரணானது என்னும் அவர் வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எனினும் ஜப்பானியப் படையின் 731-ஆம் பிரிவைப் பற்றிய பகுதியை நீக்குமாறு அரசு வற்புறுத்தியது சட்டத்துக்குப் புறம்பானது என 1997-இல் தீர்ப்பளித்தது.

2005-இல் சீனா, ஜப்பான், தென்கொரியா ஆகிய நாடுகளின் அறிஞர்களும் ஆசிரியர்களும் குடிமக்களும் இணைந்து, கிழக்காசியாவின் அண்மைக்கால வரலாற்றுக்குப் பொதுவானதொரு துணைப்பாட நூலை மூன்று மொழிகளிலும் வெளியிட்டனர். ஒரே போரை மூன்று நாட்டாரும் ஏற்கும் சொற்களில் எழுத முயன்றனர் என்பதே அதன் சிறப்பு. பயிலரங்கில் பயிலும் ஆசிரியருக்கு இந்நிகழ்ச்சிகள் இரு வகையில் பயன்படும். கிழக்காசியா என்பது ஒரே குரலில் பேசும் நிலப்பரப்பு அன்று என்பது ஒன்று. பாடநூலும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு நெருக்கடிக்குள் எழுதிய ஆவணமே என்பது மற்றொன்று.

6. மூன்றாம் எடுத்துக்காட்டு: காலி மும்மொழிக் கல்வெட்டு

மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்களை மேற்கொண்டார். உலக வரலாற்று வகுப்புகளில் இப்பயணங்கள் கொலம்பசின் பயணத்தோடு ஒப்பிடப்படுவது வழக்கம். கப்பல்களின் பெருமையும் சீனத்தின் அமைதி நோக்கும் அப்பாடங்களில் முதன்மை பெறுகின்றன.

இப்பயணங்களுக்கான சான்றுகளுள் ஒன்று இலங்கையில் கிடைத்த கல்வெட்டாகும். 1911-இல் காலி நகரில் வடிகால் மூடியாகக் கிடந்த நிலையில் அது கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. 1409-ஆம் ஆண்டுக்குரிய அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்ட திருமாலாகிய தெனாவரை நாயினாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமியச் சார்பிலும் காணிக்கைகளைக் கூறுகின்றன. மூன்று பகுதிகளிலும் கூறப்படும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலியவற்றின் பட்டியல் பெரிதும் ஒத்துள்ளது.

ஒரு மொழியை மட்டும் வாசிப்பவர் இக்கல்லை ஒரு சமயத்தின் சான்றாகவே கொள்வர். மூன்றையும் சேர்த்து வாசிக்கும்போதுதான், இந்தியப் பெருங்கடலின் வணிக மக்கள் யாவரென மிங் அரசு அறிந்திருந்தது என்பதும், அவரவர் மொழியில் அவரவர் தெய்வத்தை முன்னிட்டு அது பேசியது என்பதும் விளங்கும். சீன அரசு இலங்கைத் துறைமுகத்தில் தமிழைத் தேர்ந்தமை, அக்கடல் வணிகத்தில் தமிழ் பெற்றிருந்த இடத்துக்குச் சான்றாகும். 1281-இல் சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் சிவன் கோயிலோடு தொடர்புடைய தமிழ்க் கல்வெட்டு எழுந்தமையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

காணிக்கைக் கல்லோடு கதை முடிவதில்லை. அதே மூன்றாம் பயணத்தின்போது செங் ஹேயின் படை இலங்கையில் அழகக்கோனார் மரபினனான ஆட்சியாளனோடு போரிட்டு, அவனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றது. 1411-இல் அவன் பேரரசர் முன் நிறுத்தப்பட்டான். கல்வெட்டை மட்டும் காட்டும் பாடம் அமைதித் தூதையே காட்டும். போரை மட்டும் கூறும் பாடம் படையெடுப்பையே காட்டும். இரண்டையும் அருகருகே வைக்க அறிந்த ஆசிரியரே மாணவரைச் சிந்திக்க வைப்பார்.

7. எல்லைகள்

இப்பயிற்சி முறையின் எல்லைகளும் கருதத்தக்கன. முதலாவது காலம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்து மரபையுடைய நிலப்பரப்பை 30 மணி நேரத்தில் அறிமுகம் செய்வதற்குத் தேர்வும் சுருக்கமும் தவிர்க்க முடியாதவை.

இரண்டாவது மொழி. மொழிபெயர்ப்பின் நம்பகத்தை ஆசிரியர் தாமே சோதிக்க இயலாது. ஒரே பகுதியின் இரு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு, எச்சொற்களில் அவை வேறுபடுகின்றன எனக் காண்பது இதற்கு ஓரளவு மாற்றாகும்.

மூன்றாவது நிலப்பகுப்பு. சீனா, ஜப்பான், கொரியா என்னும் மூன்று பெட்டிகளுக்குள் கிழக்காசியா அடங்கிவிடுவதில்லை. சீன எழுத்தும் அரசுப் பணிக்கான தேர்வு முறையும் வியட்நாமிலும் வேரூன்றியிருந்தன. கொரியாவில் 1894-இலும் சீனாவில் 1905-இலும் நீக்கப்பட்ட அத்தேர்வு முறை வியட்நாமில் 1919 வரை நிலைத்தது. எனினும் பல்கலைக்கழகப் பகுப்பில் வியட்நாம் தென்கிழக்காசியாவில் சேர்க்கப்படுவதால், கிழக்காசியப் பயிலரங்குகளில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

நான்காவது நிதி. அறக்கட்டளைக் கொடையையோ அரசின் வெளியுறவுத் தேவையையோ சார்ந்த கல்வி, அவை மாறும்போது தானும் மாறக்கூடும். ஆசிரியர் கல்வியின் நிலையான பாடத்திட்டத்தில் இடம்பெறாத வரை இம்முயற்சி விருப்பமுள்ள ஆசிரியரின் தனி உழைப்பாகவே நிற்கும்.

முடிவுரை

கிழக்காசியாவைக் கற்பிக்கும் பள்ளி ஆசிரியர் அப்பகுதியின் வல்லுநராக மாற வேண்டும் என எதிர்பார்ப்பது பொருந்தாது. ஆயினும், தம் கையிலுள்ள ஒவ்வோர் ஆவணத்திடமும் சொல்லிடமும் அது வந்த வழியை வினவும் பழக்கத்தை அவர் பெற இயலும். 1793-ஆம் ஆண்டுக் கடிதம் 1914-ஆம் ஆண்டின் தேவையோடு வகுப்பறைக்கு வந்தது. சகோக்கு என்னும் சொல் ஓர் ஐரோப்பியரின் நூலிலிருந்து மொழிபெயர்ப்பாகப் பிறந்தது. காலிக் கல்வெட்டு மும்மொழி வாசிப்பாலன்றி முழுப்பொருள் தருவதில்லை. இம்மூன்றும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன: ஒரு மக்களைப் பற்றிய பாடம், அம்மக்களைப் பற்றி யார் எப்பொழுது எழுதினர் என்னும் பாடத்தையும் உள்ளடக்கியது.

இக்கல்வியில் தமிழாய்வுக்கும் பங்குண்டு. காலி, சுவான்சௌ கல்வெட்டுகளின் தமிழ்ப் பகுதிகளைத் தெளிவான உரையோடும் நம்பத்தக்க மொழிபெயர்ப்போடும் வழங்குவது, தமிழ்க் கல்வெட்டியலுக்கு மட்டுமன்றி, தொலைவிலுள்ள வகுப்பறையில் சீனக் கடல் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் பயன்தரும் பணியாகும்.